வலையில் தொங்கும் மஞ்சள் துண்டு

1

இந்தக் கதை ஒரு துண்டிலிருந்து பிறந்தது. தலை துவட்டுகிற சாதாரணத் துண்டுதான். மஞ்சள் நிறம், ஓரம் பிய்ந்தது. லிவொண்டே நீர்யானைகள் அணியின் கோல்கீப்பர் வைசன் கலும்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் அதை வலையின் இடது மூலையில் தொங்கவிடுவான். மலாவியின் சூப்பர் லீக்கில் அந்தத் துண்டுக்குப் பயப்படாத ஆட்டக்காரன் ஒருவனும் இல்லை.

(புள்ளிப் பட்டியலைத் தேடி என்னை மடக்கப் பார்க்காதீர்கள். அணியின் பெயரை மாற்றிவிட்டேன், ஆளின் பெயரையும். துண்டின் நிறத்தை மாற்றத்தான் மனம் வரவில்லை.)

நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சனிக்கிழமைகளில் இரண்டே வேலை. மைதானத்துக்குப் போய்க் கத்துவது. வீட்டுக்கு வந்து அதை ஊதிப் பெரிதாக்கி எழுதுவது.

2

எப்படி ஆரம்பிக்கலாம்?

"டிசம்பர் மாதத்தின் ஒரு மாலை, மழை மேகங்கள் சூழ்ந்த—" வேண்டாம். வானிலை அறிக்கை.

"வைசன் ஒரு வீரன்—" பொய். வீரன் என்றால் குதிக்க வேண்டும். இவனால் முடியாது. ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

"மாங்காய் மாங்காயாக மழை கொட்ட, மூன்று லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க—"

இது! இது என் கைவண்ணம்.*

* அரங்கில் நாலாயிரம் பேருக்குத்தான் இடம். மீதிப் பேரை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கென்ன?

3

துண்டில் என்ன இருக்கிறது என்று ஊரில் ஆளுக்கொரு கதை. மங்கோச்சி ஊர் வைத்தியர் மந்திரித்துக் கொடுத்தது என்பார்கள். முதலைக் கொழுப்பில் ஊறியது என்பார்கள். என் பக்கத்து இருக்கைக்காரி நாபிரி, நீர்யானைகளின் தீவிர ரசிகை, அதை மோந்த பூனை அன்றே செத்தது என்று சத்தியம் செய்வாள்.

ஒரு நாள் என் வீட்டு வராந்தாவில் சுட்ட சோளத்தைக் கொறித்துக்கொண்டே வைசனிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, அகோகோ," என்றான். தாத்தா என்று அர்த்தம். இந்த ஊரில் நரைத்தவர்கள் எல்லாரும் அகோகோதான். "சோப்பு வாசன அடிக்கும். அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்குடா தொங்க விடுற?"

முழங்கால் கட்டை அவிழ்த்துக் காட்டினான். பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. "இது போயி மூணு சீசன் ஆச்சு. டாக்டர் ஆடவே கூடாதுன்னுட்டார். இப்ப கோலைக் காக்குறது நான் இல்ல, அந்தத் துண்டுதான். வர்றவன் கண்ணு பந்துல நிக்காது, துண்டுலதான் நிக்கும். வெளிய அடிச்சிட்டுப் போயிடுவான்."

"கெட்டிக்காரன்டா நீ."

"வெளிய சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என் பொழப்பு அன்னியோட முடிஞ்சது."

சொல்லவில்லை. தமிழில் எழுதுகிறேன். இந்த லீக்கில் எந்த முன்கள ஆட்டக்காரனும் தமிழ் படிப்பதில்லை, விசாரித்துவிட்டேன்.

4

சீசனின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் நீர்யானைகள் சூப்பர் லீக்கில் தப்பிக்கும். தோற்றால் கீழ்ப் பிரிவு. அப்படி இறங்கினால் அணியையே கலைத்துவிடுவேன் என்று கிளப் தலைவர் வானொலியில் அறிவித்திருந்தார்.

எதிரணி வடக்கிலிருந்து வந்தது. வாசலில் நாங்கள் எதையோ புதைத்திருப்போம் என்று பயந்து பின்பக்கச் சுவரேறிக் குதித்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளரைத் தூக்கிப்போட ஆறு பேர் தேவைப்பட்டது. (நான்கு பேர். சரி, மூன்று.)

"வாங்க வாங்க," என்று கத்தினாள் நாபிரி. "பின்பக்கமும் பொதச்சிருக்கோம்."

தொண்ணூறாவது நிமிடம் வரை கோலே இல்லை. நான் கத்திய கத்தில் ஆற்றங்கரை நீர்யானைகள், அசல் நீர்யானைகள், எழுந்து வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தன.

அப்போதுதான் வடக்கு அணியின் ம்சோவோயா தனியாக ஓடி வந்தான். வைசன் விழுந்தான், பந்து அவனைத் தாண்டியது. முன்னால் வெறும் கோல். ஒரு தட்டு தட்டினால் போதும். ம்சோவோயா தட்டினான், ஆனால் கண் துண்டில் இருந்தது. துண்டு தொங்கும்வரை பந்து உள்ளே போகாது என்று அவனுக்கு அத்தனை நிச்சயம். பந்தை விட்டான். வலைக்குள் பாய்ந்தான். துண்டைப் பிடுங்கிக்கொண்டு தன் அணியின் பெஞ்சைப் பார்த்து ஓடினான்.

(நடுவர் விசில் அடித்திருக்கலாமே என்பீர்கள். நடுவரும் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

பந்து சேற்றில் உருள்கிறது. மெதுவாக. கோட்டை நோக்கி.

வைசன் எழுந்துவிட்டான்.

5

முடிவு அ: பந்தைப் பிடிக்கிறான். அணி தப்பிக்கிறது. ஆனால் துண்டைப் பற்றி அவனே கவலைப்படவில்லை என்று நாலாயிரம் பேரும் பார்த்துவிடுகிறார்கள். அடுத்த சீசனில் சின்னப் பயல்கூடப் பயமில்லாமல் அடிப்பான். முழங்கால் தாங்காது.

முடிவு ஆ: துண்டைத் துரத்துகிறான். மானம் தப்பியது, ரகசியம் தப்பியது. பந்து கோட்டைத் தாண்டுகிறது. அணி

இல்லை, இதை எழுதி முடிக்க மாட்டேன்.

முடிவு இ: பந்தைக் காலால் நிறுத்தி, அதே வேகத்தில் பறந்து போய்த் துண்டையும் பறித்து— எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன். மூன்று லட்சம் பேரை அரங்கில் அடைத்தவன் நான். ஆனால் அந்த முழங்காலை என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

6

இப்போது அரங்கமே ஒரே குரலில் அலறுகிறது.

"துண்டு! துண்டு!"

"பந்து கெடக்கட்டும்டா," நாபிரி என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "மொதல்ல துண்டைப் புடி! அகோகோ, நீங்களும் சொல்லுங்க, உங்க பேச்சைத்தான் அவன் கேப்பான்."

வைசன் கூட்டத்தைப் பார்க்கிறான். கண் ஒவ்வொரு வரிசையாகத் தாவி, எங்கள் வரிசையில் வந்து நிற்கிறது. துண்டில் சோப்பு வாசனையைத் தவிர ஒன்றுமில்லை என்று தெரிந்தவனைத் தேடியிருக்கிறான். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை.

வாயைத் திறக்கிறேன். சத்தம் வரவில்லை. தொண்ணூறு நிமிடம் கத்தியதில் தொண்டை போய்விட்டது. (இதில் மிகை இல்லை. நாபிரியைக் கேளுங்கள்.)

அந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் இங்கே நீங்கள்தான். குரலும் உங்களிடம்தான் இருக்கிறது.

பந்து இன்னும் உருள்கிறது. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கத்துங்கள்.