'சஃபர்' என்று எழுத மாட்டேன்

குழந்தைகள் வார்டின் வாசலுக்கு மேலே 'சஃபர் லிட்டில் சில்ட்ரன் டு கம் அன்டு மீ' என்று பழைய ஆங்கில பைபிளின் வசனம் ஒன்று பெரிய எழுத்தில் இருந்தது. மங்கிப்போன அந்த எழுத்துகள்மேல் மறுபடி வண்ணம் தீட்டப் பெயிண்டரம்மாவை அழைத்திருந்தார்கள். ஏணியில் நின்று, 'சஃபர்' என்ற முதல் சொல்லுக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுமி கீழே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அதை அழிக்கிறீங்களா?"

"இல்லம்மா, பளிச்சுன்னு ஆக்குறேன்."

சிறுமியின் முகம் வாடிவிட்டது. "சஃபர்னா கஷ்டப்படுறதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்களே கஷ்டப்படுங்கன்னுதானே எழுதியிருக்கு? நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

பெயிண்டரம்மா பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிச் செயலாளரிடம் போனாள். அவர் சிரித்தார்.

"அந்தக் காலத்து இங்கிலீஷ்ல சஃபர்னா விடுங்கன்னு அர்த்தம்மா. பிள்ளைங்களை என்கிட்ட வர விடுங்கன்னு இயேசு சொல்றாரு."

"எவ்வளவு நல்ல வார்த்தை சார். அப்போ அப்படியே எழுதிடலாமே."

"வேதத்துல கை வைக்கச் சொல்றியா? எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கிற எழுத்து அது. சொன்னதை மட்டும் செய்."

அவள் திரும்பி வந்து சுவர் முழுக்க வெள்ளை அடித்தாள். காய்ந்ததும் சிவப்பில், தமிழில் எழுதத் தொடங்கினாள். சேதி எட்டியதும் செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கீழ இறங்கு."

"முடிச்சுட்டு இறங்குறேன் சார்."

"வேற ஆளை வச்சு அழிச்சிடுவேன்."

"தாராளமா அழிங்க. அப்புறம் நீங்களே இந்த வாசல்ல நின்னு, ஊசி போட வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அர்த்தம் சொல்லுங்க. இதோ ஒருத்தி நிக்கிறா. இவகிட்டயே ஆரம்பிங்க."

சிறுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நாங்க கஷ்டப்பட்டாதான் சாமிக்குப் பிடிக்குமா தாத்தா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

பெயிண்டரம்மாவை இனிக் கூப்பிடக் கூடாது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. வேறொரு பெயிண்டர் ஏணியோடு வந்தார். உள்ளேயிருந்த தாய்மார்கள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "முடிஞ்சா எங்களைத் தாண்டிப் போய் ஏணியைப் போடுங்க" என்றாள் ஒருத்தி, மடியில் பிள்ளையோடு. தலைமை நர்ஸும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்தாள். பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

'பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள்' என்றே அங்கே இருக்கிறது.