சாட்சிக் கட்டம்

டாம்சினுக்குப் பயிற்சி முடிய இன்னும் பத்தே நாள். லண்டனின் அந்தப் பெரிய சட்ட நிறுவனத்தில் அவளோடு பயிற்சி முடிப்பவர்கள் ஐந்து பேர். வேலை மூன்று பேருக்குத்தான். பட்டியல் வெள்ளிக்கிழமை வரும். அவளைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம் மேலதிகாரி ஜைல்ஸின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. ஹல் நகரில் இருக்கும் அம்மாவிடம் வேலை உறுதி என்று முந்திக்கொண்டு சொல்லியும் விட்டாள்.

செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கம்பெனி கைமாற வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கூரியரில் கடைசிப் பத்திரம் வந்தது. கம்பெனி இயக்குநர் பிக்கரிங்கின் கையெழுத்து இருந்தது. சாட்சிக் கட்டம் காலி.

"நீ போட்டுடு," என்றார் ஜைல்ஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவர் போட்டத நான் பாக்கலயே."

"எனக்கு அவர் கையெழுத்து பத்து வருஷமாத் தெரியும். போடும்மா, நேரமாகுது."

பத்திரமென்றால், கையெழுத்துப் போடுபவர் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்தவர்தான் சாட்சி போடலாம். சட்டக் கல்லூரியில் முதல் மாதமே மண்டையில் ஏற்றியது.

"அவர் வீடு கில்ட்ஃபோர்டுலதானே? ரயிலேறிப் போய் என் முன்னாடி போட வெச்சு வாங்கிட்டு வந்துடறேன்."

"பன்னெண்டு மணிக்கு முடிக்கணும். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைத் தின்னுடுவான்."

"ரெண்டு மணிக்கு முடிக்கலாம்னு சொல்லுங்க. நான் இதுல போடமாட்டேன்."

ஜைல்ஸ் இப்போது திரும்பினார். பிறகு மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தார். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் புதிதாக ஒரு பிரதியை அச்செடுத்து உறையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ரயில் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

பிக்கரிங் வீட்டுச் செருப்போடு கதவைத் திறந்தார். தேநீர் தந்தார். சமையலறை மேசையில் பத்திரத்தை விரித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டுவது போல் மெதுவாகக் கையெழுத்திட்டார். கோணல்மாணலான எழுத்து. காலையில் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"காலைல வந்தது வேற மாதிரி இருந்துச்சே சார்."

"அதுவா? அது மவுரீன் போட்டது. என் செக்ரட்டரி. பல வருஷமா அவதான் போடறா. என்னைவிட நல்லாப் போடுவா."

டாம்சின் சாட்சிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

ஒன்றரைக்குத் திரும்பி வந்து இரண்டு பத்திரங்களையும் ஜைல்ஸ் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிக்கரிங் மவுரீனைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாள். ஜைல்ஸ் இரண்டு கையெழுத்துகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு புதிய பத்திரத்தை எதிர்த்தரப்புக்கு அனுப்பினார். இரண்டு மணிக்குக் கம்பெனி கைமாறியது. யாரும் யாரையும் தின்னவில்லை.

அதற்குப் பிறகுதான் அலமாரியிலிருந்து மூன்று பழைய கோப்புகளை எடுத்து வந்தார். மூன்றிலும் மவுரீனின் அழகான பிக்கரிங். மூன்றிலும் சாட்சி: ஜைல்ஸ்.

"ஒண்ணுகூட என் கண்ணு முன்னாடி போட்டதில்ல," என்றார். "மேல பெரியவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"இன்னைக்கேவா சார்?"

"நாளைக்குன்னா சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். டாம்சினின் மதிப்பீட்டுப் படிவத்தை இழுத்து, வேலைக்கு எடுக்கலாம் என்ற இடத்தில் குறியிட்டார். பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கிட்ட வா. நான் போடறதப் பாரு. மேல போய்ட்டு வந்தப்புறம் என் கையெழுத்துக்கு மதிப்பிருக்குமோ என்னமோ."

டாம்சின் மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் போட்டு முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.