சும்மா என்றொரு போல்டர்

லேப்டாப்பைத் திறந்ததும் ராஜ்கமல் முதலில் அதை மோந்து பார்த்தான். "ஏலக்கா வாசம் அடிக்குது மாமா" என்றான். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஸ்டோரில் பதினாறு வருஷமாகப் பச்சைக் காயை உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறவனுக்கு அந்த வாசம் மூக்கில் ஏறுவது எப்போதோ நின்றுவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் சட்டையை மோந்துவிட்டு, காய் என்ன விலை போகிறது என்று கேட்டால்தான் எனக்கே ஞாபகம் வரும். இந்த ஏழு மாதமாக மற்றதும் அப்படித்தான் ஆகிவிட்டது. சோறு ருசிப்பதில்லை, கசப்பதும் இல்லை. மாசியில் ஒருநாள் சுசித்ரா தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அவள் தம்பி இந்த ராஜ்கமல்தான் அன்றைக்குத் தரையில் விழுந்து அழுதான். அவள் புருஷனான நான், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொச்சியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தரம் பார்க்கிற ஆள் வேண்டுமாம். கிடைத்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு வேண்டியதும் அதுதான். இந்த வீட்டில் அவள் பொட்டு ஒட்டாத இடமில்லை. குளிக்கப் போகும்போதும் படுக்கும்போதும் நெற்றியிலிருந்து உரித்து, கை எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவாள். பீரோ கண்ணாடியில் ஒன்பது, குளியலறைக் கதவில் நாலு, கட்டில் சட்டத்தில் இரண்டு, கேஸ் அடுப்பு மேடையில் ஒன்று. இருந்தபோது இதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். இப்போது சுரண்டவும் கை வரவில்லை, தினமும் பார்க்கவும் முடியவில்லை.

அந்த வேலைக்கு வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் போன் செல்லாது, கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். முடிகிறவரை கேமராவில் முகம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் பரீட்சை ரத்து. வீட்டில் இருந்தது சுசித்ராவின் லேப்டாப்தான். ஓர் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அதில்தான் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைத் திறக்கவே கால்மணி நேரம் பிடித்தது. கேமராவைப் போட்டால் வெறும் கறுப்பு. அதனால் புதன்கிழமை மத்தியானம் ராஜ்கமலை வரச் சொன்னேன். போடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அவனுக்கு வேலை.

அவன் கொஞ்ச நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்தான்.

"கேமராவ ஓட்டுற சாப்ட்வேரு, டிரைவரு, அது போயிருச்சு மாமா. இந்த விண்டோஸும் இனி தாங்காது. லினக்ஸ் போட்டுருவோம். பழைய மிசினுக்கு அதான் லாயக்கு. ஆனா முழுசா அழிச்சுட்டுத்தான் போடணும்."

"போடு மாப்ளே."

"அக்கா பைலு நெறையா இருக்கு. 'சும்மா'ன்னு ஒரு போல்டர் இருக்கு பாருங்க. எதும் எடுத்து வைக்கணுமா?"

திரையின் மூலையில் அது மஞ்சளாக இருந்தது. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை, அவனும் திறக்கவில்லை. திறந்தால் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகாமல் போனால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

"வேணாம்" என்றேன்.

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க மாமா. பொறகு கேட்டா வராது."

"எல்லாம் போகட்டும் மாப்ளே. வெரசா முடி. எனக்கு நாளைக்குச் சோலி ஆகணும்."

அவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பென்டிரைவைச் செருகினான். எல்லாவற்றையும் அழிக்கச் சம்மதமா என்று இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டு, "நீங்களே அமுக்குங்க" என்றான். அமுக்கினேன். எஸ்டேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் இருந்தது. இருபது நிமிஷம் ஒரு கோடு நகர்ந்துகொண்டே போனது. நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், அவனும் சொல்லாமல் குடித்துவிட்டான்.

லினக்ஸ் வந்தது, ஆனால் வைஃபை வரவில்லை. போனை வயரில் மாட்டி, அதன் நெட்டில் என்னவோ இறக்கி அதைச் சரிசெய்தான். பிறகு ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது, அதுவும் வந்தது. மிசின் முன்னைவிட வேகமாகத்தான் ஓடியது. கடைசியாகக் கேமராவைப் போட்டான். பக்கத்தில் சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. படம் கறுப்பு.

ஒரு மணி நேரம் போராடினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ வரவழைத்துக் காட்டி, "கேமரா இருக்குங்குது, வேல செய்யுதுங்குது, படந்தான் காட்ட மாட்டேங்குது" என்றான். நெற்றி வியர்த்துவிட்டது. "உள்ள லென்சு செத்துப்போச்சு போல. கடைக்குப் போயி வெளிக் கேமரா ஒண்ணு கொண்டாறேன் மாமா" என்று எழுந்து செருப்பை மாட்டினான்.

நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். படம் வர வேண்டிய கறுப்பில், பீரோ கண்ணாடியில் தெரிகிற மாதிரி என் முகம் மங்கலாகத் தெரிந்தது. பார்வை தானாக மேலே போனது. மேல் சட்டத்தின் நடுவில் லென்ஸ், கறுப்புச் சட்டத்தில் கறுப்பாக, கடுகளவு. சுசித்ரா கடுகளவு கறுப்புப் பொட்டுதான் வைப்பாள். நகத்தை வைத்தேன். ஓரம் எழும்பியது.

திரை முழுக்க என் விரல் வந்தது. விரலை எடுத்ததும் நான் வந்தேன், ஏழு மாதத் தாடியோடு. எனக்குப் பின்னால் ஒரு காலில் செருப்போடு ராஜ்கமல் நின்றிருந்தான்.

"ஆபீஸ் வீடியோ மீட்டிங்ல அக்கா தல சீவாம உக்காந்துருவாளே" என்றான். "அதுக்கு ஒட்டி வச்சுருக்கா."

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, "அப்ப விண்டோஸ்ல ஒரு கோளாறும் இல்ல மாமா" என்றான்.

"இல்ல."

"நாந்தான் டிரைவர்னு சொன்னேன்."

"நாந்தான மாப்ளே அமுக்குனேன்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. எனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்தப் போல்டரில் என்ன இருந்திருக்கும் என்று முதல் தடவையாக யோசித்தேன். கோலமா, சமையல் குறிப்பா, நான் தூங்கும்போது எடுத்த படமா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எனக்கு அவள் வேண்டும் என்று இருந்தது. ஏழு மாதத்தில் எதுவும் வேண்டும் என்று இருந்ததில்லை.

"படம் நல்லா தெரியுதா மாமா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டான். "நாளைக்கு இது போதும்ல?"

"தெரியுது" என்றேன்.

விரல் நுனியில் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதன் பசை காய்ந்துபோயிருக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். படத்திலிருந்து நானும் அவனும் போய்விட்டோம். வெள்ளை விளக்கு மட்டும் அதன் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது.