சாப்பாட்டுக் கூட்டாளி

திண்டிவனத்து முதியோர் இல்லத்தில் சேர்ந்ததற்காகச் சின்னக்கண்ணு ஒருநாளும் வருந்தியதில்லை. காலையில் இட்லி, அதுவும் சுடச்சுட, அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து. பெற்ற பிள்ளைகள் கொடுக்காத சுகம். அதில்தான் மண்ணைப் போட்டாள் கலைப்பிரியா.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸேறி வருகிற புது டயட்டீஷியன் அவள். நல்ல பெண்தான்; நல்லது செய்கிறவர்களிடம்தானே மனுஷன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். கேப்பைக்கூழ் நம் பாரம்பரிய உணவு, சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி இட்லியை நிறுத்தி மூன்று வேளையும் கூழாக்கிவிட்டாள்.

"எனக்குத்தான் சர்க்கரையே கெடயாதேம்மா," என்றார் சின்னக்கண்ணு.

"எல்லாருக்கும் ஒரே ரூல் தாத்தா."

சின்னக்கண்ணு கூழைத் தொடவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்றார் டாக்டர். குழாய் என்றதும் கிழவர் பயந்துபோனார்.

கலைப்பிரியா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் நன்றாகச் சாப்பிடுவார்களாம். அதற்குச் சாப்பாட்டுக் கூட்டாளி என்று பெயர் வைத்தாள். அதே இல்லத்தில் இருந்த பெரியதம்பியும் சின்னக்கண்ணுவும் வானூர்ப் பக்கம் ஒரே ஊர். போதாதா? பெரியதம்பியின் நிலத்தில்தான் சின்னக்கண்ணு வாலிபம் முழுக்க உழைத்தார் என்பதை அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

"எங்க வூட்டுக் கூழுன்னா உசுர வுடுவாம்மா இவன்," என்றார் பெரியதம்பி. "டேய் சின்னக்கண்ணு, குடிடா. ஒடம்புக்கு நல்லது."

கூழ்ச் சொம்பை எடுத்தார். டம்ளர் மேசைமேல்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை மேலே போனது, சொம்பு எதிலும் பட்டுவிடாத உயரத்துக்கு. அதைவிடக் கொடுமை, சின்னக்கண்ணுவின் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்து வாய்க்குக் கீழே போய் நின்றன. அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் அப்படித்தான் குடித்திருக்கிறார்.

"சூப்பர் தாத்தா, அப்படியே இருங்க," என்று கலைப்பிரியா போனில் படம் பிடித்தாள்.

சின்னக்கண்ணு தன் கைகளைப் பார்த்தார். அவமானமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, பெரியதம்பிமேல் பாதி, பேச்சைக் கேட்காத இந்தக் கைகள்மேல் பாதி. டம்ளரை எடுத்து நீட்டினார்.

"குடிக்கிறேங்க. சொம்பு டம்ளர்ல படறாப்ல வச்சி ஊத்துங்க."

சொம்பு அந்தரத்திலேயே நின்றது. பெரியதம்பி டம்ளரைப் பார்த்தார். பிறகு சொம்பை மேசையில் வைத்தார்.

"கை நடுங்குதும்மா. நீயே ஊத்திக் குடு."

சின்னக்கண்ணு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க ஃப்ரெண்டு எவ்ளோ பாசமா குடுத்தாரு, இப்படிப் பண்றீங்களே தாத்தா," என்று மனசார வருத்தப்பட்டுக்கொண்டே கலைப்பிரியா டாக்டருக்குப் போன் போட்டாள். நாளைக்கே குழாய் போட்டுவிடலாம் என்றார் அவர்.