மறந்துபோன அரை மணி

...இன்னும் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர், எதிரே திரையில் அந்த எண் முந்நூற்று ஒன்பது ஆவதற்குள் கிளைடுக்கு வியர்த்துவிட்டது, இவ்வளவு மெதுவாகவா போகும் ஒரு விமானம், ஹாலிபாக்ஸிலிருந்து செயின்ட் ஜான்ஸ் மொத்தமே எண்ணூற்று எண்பதுதான், ஒன்றரை மணி நேரம், தாமதமாகக் கிளம்பியும் கணக்கு உதைக்கவில்லை, நாலு இருபத்தைந்துக்கு இறக்கம், டாக்ஸியில் கால் மணி, நாலு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல்... அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோவது ஐந்துக்கு. நேற்று தங்கை பெர்னி போனில் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை, “பொழச்சு வருவாருன்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கிறார்ண்ணே. அஞ்சு மணின்னு கிளைடுகிட்ட சொல்லுன்னு அப்பாவே சொன்னாரு.” அப்பாவேவா? படகை வித்துத் தொலைங்க என்று இவன் கத்திவிட்டு ஆல்பெர்ட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன நாளிலிருந்து ஏழு வருஷமாகப் பேசாத மனுஷனா?

பக்கத்து இருக்கையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஊசியை நிறுத்தினாள். “மணி என்னப்பா?” நாலு ரெண்டு என்றான். “எந்த ஊர்ல? நாலரை தாண்டியிருக்கணுமே.” ஹாலிபாக்ஸில்தான் திருகி வைத்தேன் என்று இவன் இழுக்க, “எந்த ஊருப் புள்ள நீ?” “பெட்டி ஹார்பர்.” “நல்லாருக்கு போ. நம்ம தீவுல பொறந்துட்டு, ஹாலிபாக்ஸ் கடிகாரத்துக்கு அரை மணி முன்னால ஓடுறவங்க நாமன்னு மறந்துட்டியா? ஆல்பெர்ட்டா காசு தலைக்கு ஏறிடுச்சுபோல.” அவள் சிரித்தாள், இவன் மறுபடி கணக்குப் போட்டான், நாலு இருபத்தைந்து இல்லை, நாலு ஐம்பத்தைந்து, ஆஸ்பத்திரி ஐந்து பத்து, ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருக்கும், போனும் இங்கே வேலை செய்யாது... ஆல்பெர்ட்டா போன புதிதில் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தான், நம் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான், கோபத்தில் ஒருநாள் மாற்றினான், மாற்றியதோடு அந்த அரை மணியும் போய்விட்டதா, அப்பா கேட்டால் என்ன சொல்வது, கேட்க அப்பா இருப்பாரா...

இருநூற்று எழுபது. கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளும்போது விரல் நின்றது. படகு ஆறுக்குக் கிளம்பும் என்றால் இவனிடம் மட்டும் ஐந்தரை என்பார் அப்பா, இவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆறுக்கு ஓடி வருவான், அவர் அப்போதுதான் கயிற்றை அவிழ்ப்பார், வருஷக்கணக்காக அதைத் தன் அதிர்ஷ்டம் என்றே இவன் நினைத்திருந்தான், பெர்னிதான் ஒருநாள் போட்டுக் கொடுத்தாள். ஐந்து மணி... சொன்னது டாக்டரா, அப்பாவா? அப்பாவே சொன்னாரு என்றாளே, அப்படியென்றால் ஐந்தரையா, இவ்வளவு நடந்த பிறகும் இவனுக்காக அந்த அரை மணியை எடுத்து வைத்திருப்பாரா... விமானம் தாழத் தொடங்கியது, காது அடைத்துக்கொண்டது, கீழே இன்னும் கடல்தான்.