சொல்லாமல் வருகிறவர்கள்

“இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம்னு சொல்லுடி” என்றாள் மகளிடம். இப்படிச் சொல்வது மூன்றாவது முறை.

தகன மண்டபத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையசைத்தார். அடுத்த சாவு பதினொன்றரைக்கு. அவர்களுடைய ஆட்கள் வாசலில் கும்பல் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே நாற்பது நாற்காலிகள். அவள்தான் நாற்பது கேட்டிருந்தாள். முதலில் வாயில் வந்தது அறுபது. முன்வரிசையில் அவளும் பதினாலு வயது மகளும். கடைசி வரிசையில் சலவைக்கூடத்து மேஸ்திரி, வேலை உடுப்போடு, எழுந்து போகத் தோதாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் கூட்டம்.

நடுவில், மூடாத பெட்டியில் அவள் கணவர். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில், படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது நான்கு நாளைக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். இந்த நாட்டுக்கு வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் மனிதர் நுழையாத வீடு கிடையாது. ஒழுகுகிற குழாய், அடைத்துக்கொண்ட தொட்டி, மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சன்னல், எதுவானாலும் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாஷை ஒரு மண்ணும் தெரியாது. சிரிப்பார், கையை ஆட்டுவார், வேலையை முடித்துவிட்டு வந்து, “நம்மள எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இனிமே இது நம்ம ஊருதான்” என்பார். அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் நாற்பது கேட்டாள். ஒரு பத்துப் பேராவது வந்தால்தான் அவர் சொன்னது மெய்.

கைபேசி அதிர்ந்தது. ஊரிலிருந்து அவருடைய அக்கா, வீடியோவில்.

“தம்பி மொகத்தக் காட்டும்மா... ஐயோ, என் ராசா...” அழுது ஓய்ந்த பிறகு, “போனக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு. வந்தவங்களப் பாக்குறேன். நல்ல கூட்டமா?”

“இருக்காங்க அண்ணி. இங்க சிக்னல் சரியில்ல, வச்சிடுறேன்.”

இணைப்பைத் துண்டித்தாள். செத்த மனுஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பதினொன்று இருபதுக்கு மண்டபத்து ஆட்கள் நால்வர், கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்கள். நாலு பேரும் ஒரே அளவு உயரம். யாருக்கும் அவர் பெயர்கூடத் தெரியாது. அவளுக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. தனக்காக இல்லை, அவருக்காக.

திரும்பி வந்தபோது முதல் மாடித் தையல்காரம்மா, கறுப்பு உடுப்பில், படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினார். அந்தம்மாவின் தண்ணீர்க் குழாயை மட்டும் மூன்று தடவை கணவர் சரி பண்ணிக் கொடுத்திருந்தார்.

“என்னடி சொல்றாங்க?”

“நாம ஏன் கூப்பிடலன்னு கேக்குறாங்கம்மா.”

“எதுக்கு?”

“இன்னிக்கு. அப்பாவுக்கு.” மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இங்கெல்லாம் கூப்பிட்டாத்தான் வருவாங்களாம். கூப்பிடலன்னா, அவங்க தனியா இருக்க ஆசப்படுறாங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அர்த்தமாம். ஒனக்குச் சேதி வந்துச்சா, ஒனக்கு வந்துச்சான்னு எல்லா வீட்லயும் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நாலாவது மாடி டிரைவர் லீவே போட்டுட்டு ஒக்காந்திருந்தாராம்.”

அவர் இறந்த மறுநாள் மகள் வந்து கேட்டது நினைவுக்கு வந்தது. “அம்மா, நாள், நேரமெல்லாம் எழுதிக் கீழ லிப்ட் பக்கத்துல ஒட்டணுமாம். ஸ்கூல் மிஸ் போன்ல சொன்னாங்க.” அவள் அந்த நிலைமையிலும் சீறினாள். “கல்யாணமாடி பண்றோம், பத்திரிகை வைக்க? சாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? காதுல விழுந்தா வருவாங்க.” அவள் வளர்ந்த தெருவில் அப்படித்தான். சேதி கேட்ட நிமிடம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்கள். பத்து வருஷம் முகம் பார்க்காத சண்டைக்காரன்கூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நிற்பான்.

‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று மகள் இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள். மகள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“நான் என்னம்மா சொல்லட்டும் இவங்ககிட்ட?”

“எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லு.”

மகள் சொன்னாள். தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு தன் வீட்டுக்குள் போய்விட்டார். எரித்து முடித்தாகிவிட்டது, இனி யாரைக் கூப்பிட்டு என்ன செய்வது?

மூன்றாவது மாடியிலிருந்த தங்கள் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். துக்க வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, சுவரோரமாக மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலே ஏறி வந்தது. அவர்கள் வாசலுக்கு நேரே நின்றது. மகள் அவள் முழங்கையைப் பிடித்தாள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தாள்.

வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. கைப்பிடியைப் பற்றி, சத்தம் கேட்டு யாரும் விழித்துவிடக் கூடாது என்பதுபோல, கதவை மெல்ல இழுத்துச் சாத்தியது. பூட்டு தானாக விழுந்தது. காலடி மேல்மாடிக்கு ஏறிப் போயிற்று.