மாமன் வாங்கி வந்த வளையம்

முத்துமாரியின் அண்ணன் அழகுராஜா அவள் பிள்ளையை இதுவரை தூக்கியதே இல்லை. எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை அவனுக்கு. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கும். "பச்சப்புள்ளய இந்தக் கையால தொடவா?" என்று எட்ட நின்றே கொஞ்சிவிட்டுப் போய்விடுவான். பிள்ளைக்குப் பல் முளைக்கிற பருவம் வந்ததும், விருதுநகர் பஜாரில் ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் வளையம் வாங்கி வந்தான். மெத்துமெத்தென்று அமுங்கும், பிள்ளை ஆசைதீரக் கடிக்கலாம். தாய்மாமன் கொடுத்தது என்றால் சும்மாவா! முத்துமாரி தெருவெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டாள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை வாயில் வைத்துவிடவில்லை. பிரசவத்துக்கு முன்னால் அவளும் அதே கம்பெனியில் இருந்தவள்தான். அங்கே கை கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினால்தான் தூக்குச்சட்டியைத் திறக்க விடுவார் போர்மேன். துணியில் கறை இல்லையென்றால் கை சுத்தம். வளையத்தையும் அப்படியே வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தாள். பொட்டுச் சாயம் இறங்கவில்லை. அப்புறமென்ன, எச்சில் ஒழுக ஒழுகப் பிள்ளை நாள் முழுக்க அதைச் சப்பிக்கொண்டு கிடந்தது.

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் வந்தது வினை. வெயிலில் கிடந்து பிசுபிசுத்துப் போயிருந்த வளையத்தை நர்ஸ் பியூலா வாங்கி மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நல்லாத் துடைச்சுப் பாத்துட்டேன் சிஸ்டர். சாயம் போகலயே?" என்றாள் முத்துமாரி.

"சாயம்னா கண்ணுக்குத் தெரியும் முத்துமாரி. பிளாஸ்டிக்க மெத்துன்னு ஆக்க ஒரு கெமிக்கல் சேப்பாங்க. அதுல சில வகை, பிள்ளைகளுக்கு ஆகாது. எச்சி பட்டா, சூடு பட்டாக் கொஞ்சங்கொஞ்சமாக் கசியும். எந்தத் துணியிலயும் தெரியாது. எந்தக் கம்பெனி, என்ன பிளாஸ்டிக்குன்னு இதுல ஒரு எழுத்துகூட இல்ல பாருங்க. உடனே ஒண்ணும் ஆயிடாது, பயப்படாதீங்க. ஆனா இனிமே வாயில வைக்க வேண்டாம்."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? முத்துமாரி வளையத்தை வாங்கிப் பைக்குள் திணித்தாள். பெற்ற நாமே கொடுத்தோமே என்று வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். அதைவிடப் பெரிய சங்கடம், ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற அண்ணன். அப்பா போன பிறகு அவளைக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். பெரிய ரோஷக்காரன். மாமன் கொடுத்ததை வேண்டாம் என்றால் அப்புறம் இந்த வாசப்படி மிதிப்பானா? சொல்லாமல் ஒளித்து வைத்தாலோ, அடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான்.

வந்தும் நின்றான். பைக்குள் இன்னொரு வளையம், பச்சைக் கலரில்.

"எங்கத்தா அந்த ரோஸ் வளையம்? கடிச்சே தின்னுபுட்டாளா எம் மருமக?"

முத்துமாரி மென்று முழுங்கிப் பார்த்தாள், முடியவில்லை. "அண்ணே, கோவிச்சுக்காத. அது பிள்ளைக்கு ஆகாதாம்ணே" என்று நர்ஸ் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

அழகுராஜாவின் முகம் சுண்டிப்போனது. பச்சை வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கம்பெனில டப்பா மேல பேரு ஒட்டலன்னா மூடியத் தொடமாட்டேன். இத மட்டும் எப்படித்தா பாக்காம வாங்குனேன்?" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எங் கைதான் வெசம், கடைச் சாமானாச்சும் சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

கோபப்படுவான் என்று பயந்திருந்தவளுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

"குளிச்சிட்டுத்தான வந்திருக்க?"

"ரெண்டு தடவ. நாருபோட்டுத் தேச்சுத் தோலே உரிஞ்சு போச்சு."

"அப்பப் புடி" என்று, யோசிக்க விடாமல் பிள்ளையை அவன் மடியில் வைத்தாள்.

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தான் அவன். பிள்ளைக்கோ ஈறு ஊறல், எதையாவது கடித்தாக வேண்டும். மாமனின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்து வாய்க்கு இழுத்தது.

"ஏத்தா, ஏத்தா! புதுச்சட்டைத்தா, இன்னும் தண்ணியில கூட நனைக்கல! இதுல என்ன சாயமோ, என்ன எழவோ!" என்று பதறியவன், ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறுகையால் பட்டன் தெறிக்கச் சட்டையைக் கழற்றி எறிந்தான்.

பிள்ளை அவன் வெற்று மார்பில் சாய்ந்து, வாய்க்கு எட்டிய தோளை ஈறால் நன்றாகக் கடித்தது. பல் இல்லாத வாய், வலித்திருக்காது. ஆனாலும் அழகுராஜா அழுதான்.